லண்டனிலிருந்து பாரிஸ்: விமானமா, ரயிலா, காரா?

லண்டனுக்கும் பாரிசுக்கும் இடையே நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் 344 கிலோமீட்டர். விமானத்தில் 1 மணி 15 நிமிடம், ரயிலில் 2 மணி 20 நிமிடம், காரில் ஆறு மணி நேரம், பஸ்ஸில் எட்டு ஒன்பது மணி நேரம். தேடிப் பார்த்தால் கிடைக்கிற எண்கள் இவை. இவற்றை மட்டும் வைத்துப் பார்த்தால் யோசிக்கவே வேண்டாம், விமானம்தான் என்று தோன்றும். ஆனால் இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே விமானத்திலும் ரயிலிலும் போய்வருகிறவர்களைச் சேர்த்து எண்ணினால், பெரும்பாலோர் ரயிலில்தான் போகிறார்கள். அவர்கள் போடுகிற கணக்கு வேறு. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பியதிலிருந்து போய்ச் சேர வேண்டிய வீட்டுக் கதவைத் தட்டுகிற வரை எவ்வளவு நேரம் என்பதே அந்தக் கணக்கு. அப்படிப் பார்க்கத் தொடங்கினால், எந்த வண்டி வேகமானது என்பதைவிட லண்டனில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், பாரிசில் எங்கே போகிறீர்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

முதலில் அந்த 1 மணி 15 நிமிடத்தைப் பிரித்துப் பார்ப்போம். லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து பாரிசின் சார்ல்ஸ் து கோல் விமான நிலையம் 348 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் பறக்கிற ஜெட் விமானத்துக்கு அரை மணி நேரம்கூடத் தேவையில்லாத தூரம். மிச்ச நேரம் எங்கே போகிறது? அட்டவணையில் போட்டிருக்கிற நேரம், விமானம் நிறுத்தத்தை விட்டு நகர்வதிலிருந்து அந்தப் பக்கத்து நிறுத்தத்தில் வந்து நிற்பது வரை. ஹீத்ரோவில் இருப்பது இரண்டே ஓடுபாதைகள். காலையிலிருந்து இரவு வரை இரண்டும் நிரம்பியே இருக்கும், அதனால் வரிசையில் நின்றுதான் புறப்பட முடியும். மேலே ஏறினாலும் பத்தாயிரம் அடி வரை பொதுவாக 250 நாட், அதாவது மணிக்குச் சுமார் 460 கிலோமீட்டர்தான். முழு உயரத்தைத் தொட்ட கொஞ்ச நேரத்திலேயே இறங்க ஆரம்பிக்க வேண்டும். உண்மையில் வானத்தில் இருப்பது 45 முதல் 50 நிமிடம். சார்ல்ஸ் து கோல் பரந்து விரிந்த இடம் என்பதால், தரை தொட்ட பிறகும் கட்டடத்தை அடைய நன்றாகவே ஓட வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது ஹீத்ரோவுக்குள் இறங்க முடியாமல் காத்திருப்பு வட்டத்தில் சுற்றுவதும் சாதாரணம். நீண்ட பயணங்களில் எதிர்க்காற்று ஒரு மணி நேரத்தைக் கூட்டும், குறைக்கும். இவ்வளவு குறுகிய தூரத்தில் அது பெரிய விஷயமே இல்லை. நேரத்தைத் தின்பதெல்லாம் தரையில் நடக்கிறவைதான்.

உலகின் முதல் தினசரி சர்வதேச விமான சேவை தொடங்கியதே இந்தப் பாதையில்தான். 1919 ஆகஸ்ட் 25 அன்று, இன்றைய ஹீத்ரோவுக்குப் பக்கத்திலுள்ள ஹவுன்ஸ்லோ ஹீத்திலிருந்து பாரிசின் லெ பூர்ஜேவுக்குப் பறந்தார்கள். அப்போது சுமார் இரண்டரை மணி நேரம் பிடித்தது. இன்று ரயில் தரையிலும் கடலுக்கடியிலும் ஓடி அதைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்கிறது.

ரயில் பாதையின் நீளம் 492 கிலோமீட்டர். விமானப் பாதையைவிட ஏறத்தாழ 150 கிலோமீட்டர் அதிகம். வேகமான வண்டி 2 மணி 16 நிமிடத்தில் ஓடி முடிக்கிறது, சராசரியாக மணிக்கு 217 கிலோமீட்டர். தரையில் 300 வரை போகும். ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போகிற சுரங்கத்துக்குள் 160தான். சுரங்கம் மொத்தம் 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அதில் சுமார் 38 கிலோமீட்டர் கடலுக்கடியில். உள்ளே இருப்பது இருபது நிமிடம்போல. 1994இல் யூரோஸ்டார் என்கிற இந்த ரயில் ஓடத் தொடங்கியபோது லண்டன் பக்கத்தில் பழைய தண்டவாளத்தில் மெதுவாக ஊர்ந்து வாட்டர்லூ நிலையத்துக்குப் போனது. மொத்தம் மூன்று மணி நேரம் ஆனது. 2007 நவம்பர் 14 அன்று அதிவேகப் பாதை முழுதாக முடிந்து செயின்ட் பான்கிராஸ் நிலையத்துக்கு மாறிய பிறகுதான் விமானத்துக்குச் சரியான போட்டி வந்தது.

சரி, வீட்டிலிருந்து வீடு வரைக்கான கணக்குக்கு வருவோம். வெம்ப்ளியிலிருந்து ஒருவர் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெம்ப்ளி பார்க்கில் மெட்ரோபாலிட்டன் லைன் ஏறினால் கிங்ஸ் கிராஸ் செயின்ட் பான்கிராஸில் மாறாமல் இறங்கலாம். ஏறத்தாழ இருபது இருபத்தைந்து நிமிடம். ஈஸ்ட் ஹாமிலிருந்து ஹாமர்ஸ்மித் அண்ட் சிட்டி லைனும், டூட்டிங்கிலிருந்து பாங்க் வழியாகப் போகிற நார்தர்ன் லைனும், ஈஸ்ட் குரோய்டனிலிருந்து தேம்ஸ்லிங்க் ரயிலும் இதே இடத்துக்கு நேராக வருகின்றன. லண்டனில் தமிழர் கூடுதலாக வாழ்கிற இத்தனை பகுதிகளிலிருந்தும் மாறாமல் போக முடிகிற இடம் செயின்ட் பான்கிராஸ். விமான நிலையங்களுக்கு இப்படிச் சொல்ல முடியாது.

யூரோஸ்டார் வாசல் வண்டி புறப்படுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். ஒன்றேகால் மணி நேரம் முன்னால் போனால் பதற்றமில்லை. டிக்கெட்டைக் காட்டி உள்ளே நுழைந்ததும் பெட்டி ஸ்கேனருக்குள் போகும். அடுத்து பிரெஞ்சு எல்லைக் காவலர்களின் கூண்டு. பிரான்சுக்குள் நுழைகிற அனுமதியை லண்டனிலேயே வாங்கிவிடுகிறீர்கள் என்பதுதான் இதில் பெரிய வசதி. அப்புறம் 2 மணி 20 நிமிடம் ரயில். பாரிசின் கார் து நோர் நிலையத்தில் கதவு திறந்ததும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தால் அவ்வளவுதான். பாஸ்போர்ட் வரிசை இல்லை, பெட்டிக்காகச் சுழலும் பட்டையருகே நிற்க வேண்டியதில்லை. நிலையத்தைவிட்டு வெளியே வந்து ஃபோபூர் சாந்தெனி தெருவில் வடக்கே நடந்தால் சில நிமிடங்களில் சேலைக் கடைகளும் நகைக் கடைகளும் முருங்கைக்காய் அடுக்கிய மரக்கறிக் கடைகளும் வந்துவிடும். லாச்சப்பல் கார் து நோருக்குப் பின்புறமே இருக்கிறது. ஆக மொத்தம் நாலேகாலிலிருந்து நாலரை மணி நேரம்.

அதே ஆள் ஹீத்ரோ வழியாகப் போனால்? வெம்ப்ளியிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரம். பெட்டியை ஒப்படைக்க வேண்டுமானால் இரண்டு மணி நேரம் முன்னால் அங்கே இருப்பது நல்லது. பயணம் ஒன்றேகால் மணி. சார்ல்ஸ் து கோலில் நடந்து, பாஸ்போர்ட் வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து வெளியே வர முக்கால் மணியிலிருந்து ஒரு மணி. அங்கிருந்து பாரிஸ் 25 கிலோமீட்டர். ஆர்.இ.ஆர். பி என்கிற புறநகர் ரயிலில் கார் து நோருக்கு அரை மணி நேரம், 2025இல் அதற்கு டிக்கெட் 13 யூரோவாக இருந்தது. கூட்டிப் பாருங்கள், ஐந்தரை, ஆறு மணி. அவ்வளவு அலைந்தும் வந்து நிற்பது ரயில் கொண்டுவந்து விடுகிற அதே நிலையத்தில்தான். கைப்பையோடு மட்டும் போகிறவர் இதில் முக்கால் மணி நேரம் மிச்சம் பிடிக்கலாம். அப்போதும் ரயில்தான் முந்துகிறது.

ஆனால் இடத்தை மாற்றினால் விடையும் மாறும். ஹவுன்ஸ்லோவிலோ சவுத்தாலிலோ இருக்கிறவருக்கு ஹீத்ரோ பக்கத்து வாசல். அவர் போக வேண்டிய வீடு பாரிஸ் நகருக்குள் இல்லாமல் புறநகரான ஓல்னே சூ புவாவில் இருந்தால், சார்ல்ஸ் து கோலிலிருந்து வருகிற ஆர்.இ.ஆர். பி அங்கேயே நிற்கும் (நேரடி வண்டியில் ஏறக் கூடாது, எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டியில் ஏற வேண்டும்). இவருக்கு செயின்ட் பான்கிராஸ் போக ஒரு மணி நேரம், கார் து நோரிலிருந்து மறுபடி வடக்கே திரும்பி வர அரை மணி நேரம். கையில் சின்னப் பெட்டி மட்டும் என்றால், இங்கே விமானத்துக்கும் ரயிலுக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது. எது மலிவோ அதில் போகலாம். பாரிசுக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு ஓர்லி விமான நிலையம் பொருந்தும். 2024 ஜூனிலிருந்து மெட்ரோ 14 ஓர்லி வரை வருகிறது, அதற்குப் பிறகு அந்தப் பயணம் மிகவும் சுலபமாகிவிட்டது. லண்டனுக்குத் தெற்கே கேட்விக் விமான நிலையத்துப் பக்கம் இருப்பவர்கள் ஓர்லிக்குப் போகிற விமானம் கிடைத்தால் அதைத் தயங்காமல் பார்க்கலாம்.

எந்த நிலையில் விமானம் கேள்வியே இல்லாமல் சரி என்றால், ஆசியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஒரே டிக்கெட்டில் வந்து ஹீத்ரோவில் விமானம் மாறுகிறவர்களுக்கு. பெட்டி நேராகப் பாரிசுக்கே போய்விடும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் பொறுப்பு. அவர்கள் இடையில் இறங்கி ரயிலுக்கு ஓடுவதில் அர்த்தமில்லை. பல நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு விமானம் மாறுவதற்கே தனி விசா தேவைப்படும் என்பதை மட்டும் டிக்கெட் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

விமான டிக்கெட் விலையைப் பார்க்கும்போது விமான நிலையத்தின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். பாரிஸ் போவே என்று போட்டிருந்தால் அது பாரிசிலிருந்து 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற ஊர். அங்கிருந்து நகருக்கு வர பஸ்ஸில் மட்டும் ஒன்றேகால் மணி நேரமும் தனிக் காசும் போகும். லண்டன் பக்கத்தில் ஸ்டான்ஸ்டெட், லூட்டன் போன்ற விமான நிலையங்களுக்கும் இதே கதைதான். இருபது பவுண்டு டிக்கெட்டில் பெட்டிக்குக் கட்டணம், இரண்டு பக்கமும் நிலையத்துக்குப் போக வர கட்டணம் எல்லாம் சேர்த்தபின் மிச்சமாகிற பணம் பெரும்பாலும் மிகக் கொஞ்சம். யூரோஸ்டாரில் சாதாரண டிக்கெட்டுக்கே இரண்டு பெட்டியும் ஒரு கைப்பையும் கொண்டுபோகலாம். எடை பார்ப்பதில்லை, ஒவ்வொரு பெட்டியும் 85 சென்டிமீட்டர் நீளத்துக்குள் இருந்தால் போதும். தண்ணீர்ப் போத்தலுக்கு 100 மில்லி கட்டுப்பாடும் இல்லை. நான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் டிக்கெட் வேண்டாம். விமானத்தில் மடியில் வைத்துக்கொள்வது இரண்டு வயதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ரயில் டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் எடுத்தால் விலை கண்ணைக் கட்டும். அவசரமாக நாளைக்கே போயாக வேண்டும் என்கிற நிலையில் விமானம் மலிவாக இருப்பதை நிறையப் பார்க்கலாம்.

குடும்பம் பெரிதானால் கணக்கு இன்னொரு பக்கம் திரும்பும். ஃபோக்ஸ்டனிலிருந்து கலே வரை காரையே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோகிற லெ ஷட்டில் இருக்கிறது. காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்க 35 நிமிடத்தில் அந்தக் கரை. கட்டணம் காருக்குத்தான், உள்ளே ஒருவர் இருந்தாலும் ஒன்பது பேர் இருந்தாலும் ஒன்றுதான். அப்பா, அம்மா, மூன்று பிள்ளைகள், அம்மம்மா என்று ஆறு பேர் போகிற வீட்டுக்கு ஆறு ரயில் டிக்கெட்டோடு இதை ஒப்பிட்டால் கார் பெரும்பாலும் மலிவாகவே வந்து நிற்கும். சுரங்கத்தையும் சேர்த்துச் சாலைத் தூரம் சுமார் 460 கிலோமீட்டர். கலேயிலிருந்து பாரிசுக்கு மூன்று மணி நேரம், வழியில் சுங்கக் கட்டணம் உண்டு. பிரெஞ்சு நெடுஞ்சாலையில் 130 கிலோமீட்டர் வேகம் அனுமதி, மழை பெய்தால் 110. வலப்பக்கம் ஓட்ட வேண்டும். முக்கோண எச்சரிக்கைப் பலகையும் ஒளிரும் மேலங்கியும் காரில் இருந்தாக வேண்டும், நம்பர் தகட்டில் யூ.கே. என்று இல்லாவிட்டால் பக்கத்தில் யூ.கே. ஸ்டிக்கரும் வேண்டும். கென்ட்டில் இருப்பவர்களுக்கு நான் காரைத்தான் சொல்வேன். ஆஷ்ஃபோர்டிலும் எப்ஸ்ஃப்ளீட்டிலும் நின்றுகொண்டிருந்த யூரோஸ்டார் 2020இலிருந்து அங்கே நிற்பதில்லை. பாரிஸ் போக முதலில் எதிர்த் திசையில் லண்டனுக்குப் போக வேண்டியிருப்பது அந்தப் பகுதி மக்களுக்கு இழைத்த அநியாயம்.

டோவரிலிருந்து கலேக்குக் கப்பலில் ஒன்றரை மணி நேரம். ஷட்டிலைவிட மலிவாகக் கிடைக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். கடல் கொந்தளித்தால் வயிறும் கொந்தளிக்கும்.

பஸ் விக்டோரியா கோச் ஸ்டேஷனிலிருந்து பாரிசின் பெர்சிக்குப் போகும். எல்லாவற்றிலும் மலிவு இதுதான். இரவு பஸ்ஸில் ஏறினால் ஓர் இரவு ஹோட்டல் செலவும் மிச்சம் என்று மாணவர்கள் விரும்புவது நியாயம்தான். ஆனால் நடு இரவில் எல்லையில் எல்லோரையும் எழுப்பி இறக்கி, பாஸ்போர்ட் பார்த்து மறுபடி ஏற்றுவார்கள். முழங்கால் வலி இருக்கிற பெரியவர்களை இதில் அனுப்பாதீர்கள்.

எது நம்பகமானது என்று கேட்டால், இரண்டுமே கைவிடுகிற நாள் உண்டு. 2023 டிசம்பர் 30 அன்று தேம்ஸ் நதிக்கடியிலுள்ள சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து யூரோஸ்டார் முழு நாளும் நின்றது. 2025 மார்ச் 7 அன்று கார் து நோருக்கு வடக்கே தண்டவாளத்தின் அருகே இரண்டாம் உலகப் போர்க் குண்டு ஒன்று கிடைத்து ரயில்கள் நின்றன. இரண்டே வாரத்தில், மார்ச் 21 அன்று, துணை மின்நிலையத் தீயால் ஹீத்ரோ கிட்டத்தட்ட முழு நாளும் மூடிக் கிடந்தது. 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனின் விமானக் கட்டுப்பாட்டுக் கணினி செயலிழந்ததில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. வித்தியாசம் இதுதான்: சிறு சிறு தாமதம் விமானத்தில் அடிக்கடி வரும். ரயில் பெரும்பாலான நாள் ஒழுங்காக ஓடும், ஆனால் இருப்பது ஒரே சுரங்கம் என்பதால் நின்றால் எல்லாமே நிற்கும். திருமணத்துக்கோ செத்த வீட்டுக்கோ போகிறவர்கள் எதில் போனாலும் அன்றைய கடைசி வண்டிக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம்.

கடிகார விஷயம் சிலரைக் குழப்புகிறது. பாரிஸ் வருடம் முழுவதும் லண்டனைவிட ஒரு மணி நேரம் முன்னால். கோடையிலும் குளிரிலும் இரண்டு ஊரும் ஒரே நேரத்தில்தான் கடிகாரத்தை மாற்றுகின்றன. காலை 10.30க்கு லண்டனில் ஏறினால் பாரிசில் இறங்கும்போது மணி 1.50. திரும்பி வரும்போது அந்த ஒரு மணி நேரம் கையில் கிடைக்கும். ஒரு நாளில் போய்த் திரும்புகிறவர்கள் போகிற பக்கம் நேரம் குறைவாக இருப்பதைக் கணக்கில் எடுங்கள்.

ஆவணங்களில்தான் கவனம் அதிகம் வேண்டும். பிரிட்டன் விசா வைத்திருக்கிற இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு அது பிரான்சில் செல்லாது, தனியாக ஷெங்கன் விசா வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் என்றால் விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் கொடுத்து பத்து வருடத்துக்கு மேலாகியிருக்கக் கூடாது, திரும்புகிற நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். 2025 அக்டோபர் 12இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இ.இ.எஸ். என்கிற புதிய எல்லைப் பதிவைத் தொடங்கியிருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவரின் கைரேகையும் முகப் படமும் எடுப்பார்கள். ரயிலில் போகிறவருக்கு இது செயின்ட் பான்கிராஸில், வண்டி ஏறும் முன் நடக்கிறது. விமானத்தில் போகிறவருக்கு பாரிசில் இறங்கியபின். ரயில்காரர் முதல் முறை பதிவு செய்வதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னால் போக வேண்டும், வரிசை நீண்டால் தவறவிடப் போவது அவருடைய வண்டியைத்தான். மறுபக்கம், பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டோடு லண்டனுக்கு வருகிறவர்களுக்கு 2025 ஏப்ரல் 2 முதல் இ.டி.ஏ. என்கிற மின்னணுப் பயண அனுமதி கட்டாயம். அதைக் கைபேசியிலேயே எடுத்துவிடலாம்.

சாப்பாட்டுக் கட்டுப்பாடு விமானம், ரயில், கார் மூன்றுக்கும் ஒன்றுதான். வழியில் சாப்பிடப் புளிச்சோறு கட்டிக்கொண்டு போகலாம். ஆனால் பிரிட்டனிலிருந்து இறைச்சியோ நெய், தயிர் போன்ற பால் பொருள்களோ கொண்டுபோக முடியாது. கோமாரி நோய் காரணமாக 2025 ஏப்ரலில் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வருகிற பயணிகளுக்கு ஆடு, மாடு, பன்றி இறைச்சியையும் பால் பொருள்களையும் தடை செய்தது. பச்சைக் காய்கறி, இலை, பழம் எதற்கும் ஐரோப்பாவுக்குள் நுழையச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சம்பழம், துரியன். அர்ச்சனைத் தேங்காய் பழத்துக்குத் தடையில்லை, கறிவேப்பிலைக்கும் வெற்றிலைக்கும் இடமில்லை. அவற்றை லாச்சப்பலிலேயே வாங்கிக்கொள்ளலாம்.

காற்றை மாசுபடுத்துவதைப் பற்றி நினைக்கிறவருக்கு இங்கே குழப்பமே இல்லை. ரயில் மின்சாரத்தில் ஓடுகிறது, பிரான்சின் மின்சாரத்தில் பெரும்பகுதி அணுசக்தி. ஒரு பயணிக்கு வெளியாகிற கரியமில வாயு விமானத்தில் வெளியாவதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விமானம் மேலே ஏறும்போதுதான் எரிபொருளை அதிகம் குடிக்கும் என்பதால், இவ்வளவு குறுகிய தூரத்தைப் பறந்து கடப்பது மிகவும் வீணான வேலை. எனக்கு இது சின்னக் காரணம் இல்லை. நேரமும் பணமும் ஏறத்தாழ ஒன்றாக வந்தால் நான் ரயிலைத்தான் சொல்வேன்.

ஒன்றிரண்டு பேராகப் போகிறவர்கள், பாரிஸ் நகருக்குள்ளோ வடக்குப் புறத்திலோ தங்குகிறவர்கள் ரயில் டிக்கெட்டை எவ்வளவு முன்னால் எடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. குறிப்பாக ஆகஸ்ட் கடைசியில் பாரிசின் பஜோல் தெரு மாணிக்க விநாயகர் கோயில் தேர்த் திருவிழா வருகிற வார இறுதிக்கு. சில வருடங்களில் பிரிட்டனின் வங்கி விடுமுறையும் (பொது விடுமுறை) அதோடு சேர்ந்துகொள்ளும். தேர் நாள் தெரிந்ததும் டிக்கெட்டைப் போட்டுவிடுங்கள். ஐந்து பேருக்கு மேல் என்றால் அன்றே ஷட்டில் விலையையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.